என் மனைவியின் பிரெஞ்சு ஓட்டு

எங்கள் வீட்டில் இரண்டு நாட்டு ஓட்டு உண்டு. நான் இந்தியன், என் மனைவி பிரெஞ்சுக் குடிமகள். கல்யாணமான நாளிலிருந்து டெல்லிக்கு நான் ஓட்டுப் போடுவேன், பாரீசுக்கு அவள் போடுவாள். வெளியூரில் இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்று பார்ப்பார்கள். புதுச்சேரியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, நாங்கள் உங்கள் பக்கமே இருந்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவளுடைய தாத்தாவும் ஒருவர். என்னுடைய தாத்தா அப்போது உழவர்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அப்படி எழுதிக் கொடுக்கலாம் என்ற செய்தியே அவர் வரப்புக்கு வந்து சேரவில்லை.

நானும் மனு போட்டு பிரெஞ்சுக்காரனாகி இருக்கலாம். மாமனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்கு அப்போது தட்டாஞ்சாவடியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை, தலைக்கனத்துக்குக் குறைவில்லை. பெண்டாட்டி வழியில் ஒரு தேசம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை அவள் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு விமானம் ஏறினான். அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, எங்கள் தெருவிலிருந்து போன இன்னொரு குடும்பத்துப் பெண்ணையே அங்கே கட்டிக்கொண்டான். அவர்களுக்குக் குழந்தை பிறக்கிற சமயத்தில் என் மனைவி புறப்பட்டாள். மூன்று மாதம் என்றாள். குழந்தைக்குச் சளி பிடித்தது. மருமகளின் லீவு முடிந்தது. பகலில் குழந்தையை விடும் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, அந்நியர் கையில் எப்படி விடுவது என்று அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாமே நியாயமான காரணம். சண்டை போட எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

தனியாக இருப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கேஸ் சிலிண்டரைச் சொல்வேன். தீரவே மாட்டேன் என்கிறது. சிலிண்டர் போடுகிற ஆள், ஊரில் இல்லையா சார் என்று போன் போட்டுக் கேட்டான். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், எங்கள் வாசலில் கூடையை இறக்குவதையே விட்டுவிட்டாள். என் ஒருவனுக்கு எத்தனை மீன் வேண்டும்? போகிறபோக்கில் தலையில் கூடையோடு நின்று, "அக்கா எப்பண்ணே வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். அடுத்த மாசம் என்பேன். நல்ல பெண், எந்த அடுத்த மாசம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் அங்கே போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு குளிர்காலத்தில் போய் இருந்தேன். பாரீசுக்குப் பக்கத்தில், அடுக்குமாடியில், மேல்மாடி. பையனும் மருமகளும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். மனைவிக்குக் குழந்தை. எனக்கு ஜன்னல். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் கை விரலுக்குள் அடங்கிவிடும். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வேன், அவர்களும் சொல்வார்கள், அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிய ஆள் நான். என் தொண்டை எனக்கே மறந்துபோயிற்று. பட்டறையில் ஆர்டர் நிற்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். பொய் என்று அவளுக்கும் தெரியும்.

நான் அப்படித் திரும்பி வந்த வருஷம் முதலில் நம் ஊர் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. காலையிலேயே போய் வரிசையில் நின்று, பொத்தானை அழுத்திவிட்டு வந்து, மை வைத்த விரலை வீடியோ காலில் காட்டினேன். எப்போதும் வீட்டில் அவளிடம்தான் முதலில் காட்டுவேன். அவள் குழந்தையின் விரலைப் பிடித்து என் விரலுக்கு நேராகத் திரையில் வைத்தாள். குழந்தை திரையை நக்கிற்று. டெல்லியில் யார் வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நகத்தில் மை போவதற்குள் அங்கே பிரான்சில் ஜனாதிபதி திடீரென்று நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்.

டெல்லித் தேர்தலைவிட அந்தத் தேர்தலைத்தான் எங்கள் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் நாட்டில் அதிகமாகிவிட்டார்கள், குறைக்க வேண்டும் என்று சொல்லும் கட்சி முன்னால் வந்துகொண்டிருந்தது. தெருவில் பாதிக் குடும்பத்துக்குப் பிள்ளைகள் அங்கே. கோயிலில் அர்ச்சனை, மாதா கோயிலில் மெழுகுவத்தி, எல்லாம் அந்தக் கட்சி வரக்கூடாது என்றுதான். மனைவி தினமும் போனில் பயந்தாள். நம்ம நிறத்தைப் பார்த்தே முறைக்கிறார்கள் என்றாள். பையன் பிறந்ததிலிருந்து பிரெஞ்சுக்காரன், அவனையே எங்கிருந்து வந்தாய் என்று ஆபீசில் ஒருவன் கேட்டானாம்.

நானும் சேர்ந்து உச்சுக் கொட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கெட்ட ஆசை. ஜெயித்துத் தொலையட்டுமே என்று இருந்தது. அவளை யாரும் துரத்த முடியாது, அவள் அந்த நாட்டுக் குடிமகள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் நாலு பேர் முகத்தைச் சுளித்தால், கடையில் ஒருத்தி மரியாதை இல்லாமல் பேசினால், போதுமடா சாமி என்று டிக்கெட் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். பெண்டாட்டி அவமானப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிற புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று பட்டது. பட்டும் ஆசை போகவில்லை.

இதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. அவளுடைய ஓட்டு இன்னும் புதுச்சேரியில்தான் இருந்தது. இங்கே பிரெஞ்சு கான்சுலேட்டில் பதிந்த பெயரை அவள் அந்த ஊர் நகரசபைக்கு மாற்றிக்கொள்ளவில்லை. நான் கேட்டபோது, எதுக்கு, வந்துடுவேனே என்றாள் ஒரு தடவை. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எத்தனையோ சாயங்காலங்களை ஓட்டியிருக்கிறேன். ஆள் எங்கே இருந்தால் என்ன, ஓட்டு இங்கே இருக்கிறது, வருவாள்.

ஓட்டு இங்கே, அவள் அங்கே. இன்டர்நெட்டில் போடலாம் என்று பையன் சொன்னான். போனுக்கு ஒரு எண் வரும், மெயிலுக்கு ஒரு எண் வரும் என்றதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நம்முடைய ஓட்டை வேறொருவர் போடும்படி ஒப்படைக்கிற வழக்கம் அந்த நாட்டில் உண்டு. ப்ரொக்குராசியோன் என்பார்கள். இதற்கு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் முகத்தைக் காட்ட வேண்டுமாம். ஓட்டுப் போடப் போலீசிடம் போகிற தேசம் என்று கேலி செய்தேன். யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு வந்தது. நான்தான் இந்தியனாயிற்றே, எனக்குத் தகுதி கிடையாது. இரண்டு வீடு தள்ளி இருக்கும், அவளைப் போலவே பிரெஞ்சுக் குடிமகளான மதாமிடம் ஒப்படைத்தாள்.

மதாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிற வயசு. தெருவில் எல்லோருக்குமே அவர் மதாம்தான். மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் பிரான்சில். காது மந்தம். நேரில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், போனில் ஒன்றும் ஏறாது. ஆகவே யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று என் மனைவி என்னிடம் போனில் சொல்ல, நான் போய் மதாமிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வெளிநாட்டில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆசியா, ரஷ்யா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்த்து ஒரே தொகுதி. அத்தனை நாட்டுக்கும் சேர்த்து ஒரு எம்.பி. அவள் சொன்ன பெயரை நான் வாய்க்குள் போட்டு உருட்டி உருட்டிப் பழகினேன். அந்தக் கட்சிக்கு எதிராக நிற்கிறவர் பெயர்.

அந்த நாட்டில் தேர்தல் இரண்டு சுற்று, முதல் சுற்றில் முன்னால் வருகிறவர்கள்தான் அடுத்ததில் நிற்பார்கள். முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறை வேனில் மதாமை ஏற்றிக்கொண்டு கான்சுலேட்டுக்குப் புறப்பட்டேன். மதாம் நல்ல புடவை கட்டி, செண்டு போட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வேனில் அதற்கு முன் அப்படி யாரும் உட்கார்ந்ததில்லை. பத்து நிமிஷப் பயணம். அந்தப் பத்து நிமிஷமும் என் வாயில் இரண்டு பெயர் இருந்தது. மனைவி சொன்னது ஒன்று. பேப்பரில் பார்த்து நானாகத் தெரிந்து வைத்திருந்த அந்தக் கட்சி ஆளின் பெயர் இன்னொன்று. எதைச் சொன்னாலும் மதாம் அப்படியே போட்டுவிட்டு வருவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். எனக்கும் அது தெரியும். ஆனால் அது அவள் ஓட்டு. அவளை இங்கே வரவழைக்க அவள் ஓட்டையே போடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறதென்று என் புத்தி வக்கீல் மாதிரி வாதாடிற்று.

கான்சுலேட் வாசலில் வண்டியை நிறுத்தினேன். மதாம் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன பெயரைச் சொன்னேன். பெரிய யோக்கியன் என்பதால் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அவள் இந்த வாசலுக்குள் போய்விட்டு வரும்வரை இதே இடத்தில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளியே வந்து யாருக்குப் போட்டேன் என்று தானாகவே சொல்வாள். அந்த வாசலில் வேறொரு பெயர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

மதாம் உள்ளே போனார். கடற்கரைச் சாலையில் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியூர்ப் பிள்ளைகள் மஞ்சள் சுவரைத் தேடிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் யாராவது ஒருவரோடு வந்திருந்தார்கள். இதில் என்ன அதிசயம், கடற்கரைக்கு யார் தனியாக வருவார்கள்? ஆனாலும் அன்றைக்கு அது எனக்குத் தாங்கவில்லை.

மதாம் வர நேரமாயிற்று. அங்கே பொத்தான் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை மட்டும் உறையில் போட வேண்டும். உறை பெட்டியில் விழுந்ததும் ஓட்டுப் போட்டாயிற்று என்று ஒருவர் உரக்கச் சொல்வார். மதாமுக்கு இரண்டு ஓட்டு, இரண்டு தடவை சொன்னார்களாம். வந்ததும் காபி வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். சுவரோரம் உட்கார்ந்து குடித்தோம். உங்க வீட்டம்மா சொன்னதை அப்படியே போட்டுட்டேன் தம்பி என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, தன்னுடைய ஓட்டை அந்தக் கட்சிக்குப் போட்டதாகச் சொன்னார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் அங்கே இருக்கிற அம்மா. அவர் என் உதட்டைப் படிக்க வசதியாக, மெதுவாக ஏன் என்று கேட்டேன்.

"வெரட்டி உட்டாலாவது வருவானுங்க இல்ல, தம்பி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாக வராத சிரிப்பு, காபி புரையேறிவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று மதாம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் வேனில் திரும்பும்போது என் நெஞ்சில் இருந்த பாரம் பாதியாகியிருந்தது. இந்த அசிங்கமான ஆசை எனக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டு வீடு தள்ளி இன்னொருவரும் இதையே வைத்துக்கொண்டு தூங்கப் போகிறார். அவர் துணிந்து போட்டுவிட்டார், நான் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் சுற்றில் அந்தக் கட்சிதான் முன்னால் வந்தது. ஆனால் எங்கள் தொகுதியில் அடுத்த சுற்றுக்கு அது தேறவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் மதாமைக் கூட்டிக்கொண்டு போனேன். தன் ஓட்டுக்கு ஆளே இல்லை என்று மதாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சீட்டு ஒன்றும் வைக்காமல் வெறும் உறையைப் போட்டாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்த்தேன். மற்ற கட்சிகள் எல்லாம் கைகோத்து அந்தக் கட்சியைப் பின்னால் தள்ளியிருந்தன. யாருக்கும் முழுப் பெரும்பான்மை இல்லை, ஆட்சியில் இருந்தவர்களும் தோற்றிருந்தார்கள். தெருவில் யாரோ வெடி வைத்தார்கள். நான் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பட்டறை ஆட்கள் முன்னால் காலில் இரும்பு விழுந்தபோதுகூட அழாதவன், முன்பின் தெரியாத ஒரு நாட்டில் எவனோ தோற்றதற்கு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். அங்கே விடியக்கூட இல்லை. தூங்கவே இல்லையாம், பையனும் மருமகளும் டிவி முன்னால் ராத்திரி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. நல்லது, பயம் போச்சு, டிக்கெட் போடு என்றேன். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். பயம் இருந்தபோது, இந்த நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொன்னவளும் அவள்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எவன் ஜெயித்திருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள். நான் ஜெபித்த கட்சி எனக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

அங்கே புது ஆட்சி உடனே வரவில்லை. தோற்ற மந்திரிகளே கொஞ்ச காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே வெயில் தணிந்து, முதல் மழை பெய்து, தெருவில் தண்ணீர் நின்ற சமயத்தில் புதுப் பிரதமரும் மந்திரிகளும் வந்துவிட்டார்கள் என்று அவள் போனில் சொன்னாள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டு நாள் அழுததாம், இப்போது இவளுக்குக் கை காட்டக்கூட மறந்துவிட்டு உள்ளே ஓடுகிறதாம். அப்படியானால் இனி அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் வேறொன்றைச் சொன்னாள். எனக்கு நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"அடுத்த வாட்டி நீங்க மதாமைக் கூட்டிக்கிட்டு அலைய வேணாங்க. நேத்து மேரிக்குப் போயி என் ஓட்டை இங்கயே மாத்திக்கிட்டேன்."

மேரி என்றால் நகரசபை. எங்கள் ஊரிலும் கடற்கரையில் அந்தப் பெயரில் ஒரு கட்டிடம் இருக்கிறது. லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

அப்போ நீ வரமாட்டே என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை.

வராமல் எங்கே போவேன், டிசம்பரில் லீவுக்கு வருகிறேன் என்றாள்.

லீவுக்கு. அவள் குடித்தனம் நடத்திய வீடு. எந்தச் சுவரில் எந்த ஆணி என்று இருட்டில் கை வைத்துச் சொல்வாள். அந்த வீட்டுக்கு லீவுக்கு வருகிறாளாம். அந்த வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வந்து விழுந்தது. அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது.

ஏதாவது சொல்லி அவளையும் வலிக்கச் செய்ய வேண்டும் போலிருந்தது. அந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று தினமும் நான் வேண்டிக்கொண்டேன், தெரியுமா என்றேன். உன்னை அங்கே நாலு பேர் கேவலமாகப் பேச வேண்டும், நீ அழுதுகொண்டு இங்கே ஓடி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. வேனில் போகும்போது மதாமிடம் பெயரை மாற்றிச் சொல்ல இருந்ததையும் சொன்னேன்.

அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"தெரியுங்க," என்றாள். "உங்க கொரல்லயே தெரிஞ்சுது. இருந்தும் நீங்க மாத்திச் சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும்."

அங்கே ஏதோ குக்கர் சத்தம் கேட்டது. பிறகு அவள், இதற்கு முன் ஒரு தடவையும் வாய் விட்டுக் கேட்காததைக் கேட்டாள்.

"நீங்க இங்க வந்துடுங்களேன். எனக்கும் இங்க யாருங்க இருக்காங்க?"

அவளுக்கு அங்கே எல்லோரும் இருக்கிறார்கள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் காலையில் போகிறான், மருமகள் போகிறாள், இப்போது குழந்தையும் போகிறது. நான் பார்த்த அதே ஜன்னலைத்தான் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வருகிறேன் என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. பட்டறையும், லிஃப்டும், போன்ழூரும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஓட்டு இங்கல்ல இருக்குது," என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.